பார்ட் டைம் கடை வேலைக்கு சிவி: மதிப்பெண்ணைக் கீழே இறக்குங்கள், நேரத்தை மேலே ஏற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 18. கல்லூரியில் வணிகவியல் முதலாண்டு படிக்கிறேன். மாலையிலும் வார இறுதியிலும் பார்ட் டைம் வேலை பார்க்கலாம் என்று சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, ஷூ கடை எனப் பல இடங்களில் சிவி கொடுத்துவிட்டேன். ஓரிடத்திலிருந்தும் அழைப்பு வரவில்லை. இதுவரை எங்கும் வேலை பார்த்ததில்லை. பள்ளியில் பழைய புத்தக விற்பனை ஸ்டாலைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். வாலிபால் அணியில் இருந்தேன். சிவி இரண்டு பக்கம். இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பார்த்துச் செய்தது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: சொல்ல வேண்டிய விஷயம் உங்களிடம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில், 'பிற செயல்பாடுகள்' என்ற தலைப்புக்குக் கீழே கிடக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பார்த்துச் செய்த மாதிரி, படிப்பு முடித்து அலுவலக வேலைக்குப் போகிறவர்களுக்கானது. லட்சியம், மதிப்பெண் அட்டவணை, புராஜெக்ட், மென்பொருள் பட்டியல், சொந்த விவரம், கடைசியில் உறுதிமொழி என்று அது போகும். கடை மேனேஜருக்கு இதில் பெரும்பாலானவை தேவையே இல்லை.

அவர் உங்கள் சிவியை எடுக்கும்போது மேசையில் அந்த வார ஷிஃப்ட் அட்டவணை கிடக்கும். வெள்ளி மாலை பில்லிங்கில் ஓர் ஆள் குறைவு, சனிக்கிழமை இருவர் லீவு, இரவு கடை மூடும் ஷிஃப்டுக்கு யாருமே ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆள் தேடுகிறார். அதனால் அவர் மனதில் கேள்விகள் இந்த வரிசையில் வரும்: எந்தெந்த நேரம் வருவார்? சொன்னபடி வருவாரா? பணத்தையும் சரக்கையும் நம்பி விடலாமா? வாடிக்கையாளரிடம் வாய் திறந்து பேசுவாரா? உங்கள் சிவி முதல் கேள்விக்கே பதில் சொல்லவில்லை. பதில் தெரிய அவர் போன் செய்ய வேண்டும். அடுக்கில் அடுத்து இருக்கும் சிவியில் பதில் எழுதியிருந்தால் அதைத்தான் எடுப்பார்.

நேரத்தை எப்படி எழுதுவது

பெயருக்கும் போன் நம்பருக்கும் அடியில், வேறு எதற்கும் முன்னால், இரண்டு வரி: "வர முடிந்த நேரம்: திங்கள், புதன், வெள்ளி மாலை 5 முதல் இரவு 10 வரை, சனி, ஞாயிறு முழு நாளும். வாரம் 20 மணி நேரம் வரை. உடனே சேரலாம்."

இந்த நேரத்தை உத்தேசமாகப் போடாதீர்கள். டைம்டேபிளை எடுத்து, ஒவ்வொரு நாளும் கடைசி வகுப்பு முடியும் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டி, மேலே அரை மணி நேரம் சேருங்கள். வகுப்பு 3.30-க்கு முடிகிறது, பயணம் 40 நிமிடம் என்றால் 4.10, அரை மணி சேர்த்தால் 4.40, சிவியில் 5 மணி என்று எழுதுங்கள். 4.15 என்று எழுதிவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறவரைவிட, 5 என்று எழுதி 4.50-க்கு யூனிஃபார்மில் நிற்கிறவர்தான் கடைக்கு வேண்டும்.

ஆர்வத்தைக் காட்டுவதாக நினைத்து 'எப்போது கூப்பிட்டாலும் வருவேன்' என்று எழுதுகிறார்கள். அதை நம்பி செவ்வாய் காலை 10 மணி ஷிஃப்டில் போடுவார்கள். உங்களுக்கு வகுப்பு இருக்கும். இரண்டு முறை வர முடியாது என்று சொன்னால் மூன்றாவது முறை அட்டவணையில் பெயர் இருக்காது. படிக்கும் பிள்ளைக்கு எல்லா நேரமும் ஓய்வு இருக்காது என்பது மேனேஜருக்கும் தெரியும். அந்த வரியைப் பார்த்ததுமே சந்தேகப்படுவார்.

தேர்வுக் காலத்தையும் மறைக்க வேண்டாம். "தேர்வு வாரங்களில் நேரம் குறையும், ஒரு மாதம் முன்பே தேதி தருவேன்" என்று ஒரு வரி போதும். அதோடு "விடுமுறையிலும் விற்பனை சீசனிலும் கூடுதல் நேரம் வரலாம்" என்று சேர்த்தால் கழித்தது ஈடாகிவிடும். கடைகள் பார்ட் டைம் ஆள் எடுப்பதே பெரும்பாலும் அந்தச் சீசனை மனதில் வைத்துத்தான்.

இரவு ஷிஃப்டுக்கு வரத் தயார் என்றால் எப்படி வீடு போய்ச் சேர்வீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்: "கடையிலிருந்து 15 நிமிட நடை" அல்லது "சொந்த வண்டி உண்டு". ஷட்டர் இறங்கிய பிறகும் கல்லா எண்ணுவது, தரை துடைப்பது, மறுநாளைக்கு ராக்கை நிரப்புவது என்று வேலை நீளும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க நடுவில் கிளம்புகிற ஆளை அந்த ஷிஃப்டில் போட முடியாது.

இன்னொன்று. 18 வயது நிறையாதவர்களுக்குப் பல நாடுகளில் இரவு வேலைக்கும் வார மணி நேரத்துக்கும் சட்ட வரம்பு உண்டு. மது, புகையிலை விற்கவும் வயது பார்ப்பார்கள். வெளிநாட்டில் படிப்பு விசாவில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் வார உச்சவரம்பு இருக்கும். உங்களுக்கு எது பொருந்துமோ அதைப் பார்த்துவிட்டு, அதற்கு உட்பட்ட மணிக்கணக்கையே எழுதுங்கள். உங்களுக்கு 18 ஆகிவிட்டது என்பதால் '18 வயது நிறைந்தவர்' என்ற சொற்கள் பயன்படும். பிறந்த தேதி வேண்டாம்.

லட்சியத்தை எடுத்துவிட்டு

'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பது' என்ற வகை வாக்கியம் எல்லார் சிவியிலும் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அந்த இடத்தில் மூன்று வரி: "வணிகவியல் முதலாண்டு மாணவர், 18 வயது நிறைந்தவர். பள்ளிப் புத்தக ஸ்டாலில் பணமும் சரக்கும் கையாண்டிருக்கிறேன். பில்லிங், சரக்கு அடுக்குதல் இரண்டில் எதற்கும் தயார்." நான்காவது வரி எழுதத் தோன்றினால் எழுதாதீர்கள். 'எந்த வேலையானாலும் செய்வேன்' என்பதைவிடக் கடையில் இருக்கும் ஒரு வேலையின் பெயரைச் சொல்வது நல்லது. எந்தப் பிரிவுக்கு உங்களை அனுப்புவது என்று மேனேஜர் யோசிக்க வேண்டியிருக்காது.

வேலை பார்த்ததில்லை என்கிறீர்கள்

அந்தப் புத்தக ஸ்டாலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். புத்தகங்கள் வந்து இறங்கியபோது எண்ணி வாங்கியது யார்? வகுப்பு வாரியாகப் பிரித்தது, விலைச் சீட்டு ஒட்டியது, கிழிந்ததை ஒதுக்கியது? பணப்பெட்டியில் காலையில் எவ்வளவு சில்லறை போட்டீர்கள்? மாலையில் யாரிடம் கணக்குக் கொடுத்தீர்கள்? வாங்கிப் போனவர் 'இது பழைய பதிப்பு' என்று திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்தீர்கள்? சரக்கு வரவு, அடுக்குதல், விலை ஒட்டுதல், கல்லா, ரிட்டர்ன் என்று ஒரு கடையில் நடப்பது அத்தனையும் அந்த மேசைக்குப் பின்னால் நடந்திருக்கிறது. 'பள்ளிப் புத்தக ஸ்டாலில் உதவினேன்' என்ற ஒற்றை வரியில் இவை எல்லாம் காணாமல் போகின்றன. இப்படி எழுதலாம்:

"பழைய புத்தக விற்பனை ஸ்டால், பொறுப்பாளர்
– சுமார் 400 புத்தகங்களை வகுப்பு, பாடவாரியாகப் பிரித்து அடுக்கி விலைச் சீட்டு ஒட்டினேன்.
– 3 நாள் பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். தினமும் தொடக்கச் சில்லறையைக் கழித்து விற்பனைக் கணக்கை ஆசிரியரிடம் ஒப்படைத்தேன்.
– கேட்ட புத்தகம் இல்லாதபோது பெயர் குறித்துவைத்து, வந்ததும் தகவல் சொன்னேன்."

400, 3 என்பவை மாதிரிக்காக. உங்கள் உண்மையான எண்ணைப் போடுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் 'சுமார்' போடுங்கள், ஊதிப் பெருக்க வேண்டாம். இரண்டாவது வரிதான் இந்த சிவியிலேயே எடை கூடியது. மாலையில் பெட்டியில் இருக்கும் பணம் முழுவதும் விற்பனை ஆகாது. காலையில் போட்ட சில்லறையைக் கழிக்க வேண்டும், நடுவில் ஏதாவது செலவுக்கு எடுத்திருந்தால் அதைக் கூட்ட வேண்டும். கடையில் ஒவ்வொரு கேஷியரும் ஷிஃப்ட் முடியும்போது செய்வது இதுதான். இது ஏற்கெனவே தெரிந்த பிள்ளை என்றால் ஒருநாள் பயிற்சி மிச்சம்.

எழுதும் முறை இதுதான்: என்ன செய்தீர்கள், எவ்வளவு அல்லது எத்தனை நாள், முடிவில் யாரிடம் என்ன ஒப்படைத்தீர்கள். 'உதவினேன்', 'பங்கேற்றேன்', 'ஈடுபட்டேன்' என்று முடியும் வரிகளை எல்லாம் சந்தேகப்படுங்கள். 'அடுக்கினேன், எண்ணினேன், எழுதினேன், விளக்கினேன்' என்று முடிந்தால் ஒரு வேலை கண்ணில் தெரியும்.

டியூஷனை நீங்கள் கல்வித் தகுதியாக நினைக்கிறீர்கள் போலும். மேனேஜர் அதை வேறு விதமாகப் படிப்பார். "8 மாதமாக, வாரம் 2 மாலை, 2 மாணவர்களுக்குக் கணக்கு" என்று எழுதினால், குறித்த நேரத்துக்குத் தவறாமல் போகிறவர் என்று ஆகிறது. பார்ட் டைம் ஆட்களிடம் கடைகளுக்கு இருக்கும் பெரிய தலைவலி, ஷிஃப்ட் தொடங்க அரை மணி முன்னால் 'இன்று வர முடியாது' என்று வரும் மெசேஜ். அந்தப் பயத்தைப் போக்கும் வரி இது. வாலிபாலும் அதே கணக்குதான்: 'வாலிபால் வீரர்' என்பதைவிட "2 ஆண்டு, வாரம் 4 நாள் காலை 6 மணிப் பயிற்சி" என்பது பேசும். வீட்டுக் கடையில் உட்கார்ந்த அனுபவம் இருந்தால் அதையும் எழுதுங்கள்; சம்பளம் வாங்காததால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது.

செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். 'பில்லிங் மென்பொருள் தெரியும்' என்று போட்டால், முதல் நாள் சோதனை ஷிஃப்டிலேயே கவுன்டரில் உட்கார வைப்பார்கள். ஸ்கேன் ஆகாத பார்கோடு வந்தால் எண்ணைக் கையால் அடிப்பதா, சூப்பர்வைசரைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் நிற்கும்போது, வரிசையில் நிற்கிறவர்கள் உட்பட எல்லாருக்கும் தெரிந்துவிடும். கல்லாவுக்கு ஆள் எடுப்பவர் பொய்யை மன்னிப்பது அபூர்வம். தெரியாததைச் சொல்லித் தருவது அவர்களுக்கு வழக்கமான வேலை.

எல்லாக் கடைக்கும் ஒரே சிவி கொடுத்தீர்களா?

அடிப்படை ஒன்றாக இருக்கட்டும். மேலே உள்ள மூன்று வரியையும் அனுபவ வரிகளின் வரிசையையும் மட்டும் கடைக்குத் தகுந்தபடி மாற்றுங்கள். பத்து நிமிட வேலை.

சூப்பர் மார்க்கெட்டில் எடை தூக்குவது உண்டு. எக்ஸ்பைரி தேதி பார்த்துப் புதுச் சரக்கைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைப்பது அங்கே அன்றாட வேலை. அடுக்குதல், எண்ணுதல் பற்றிய வரிகள் அங்கே முதலில் வர வேண்டும். அதிகாலையில் சரக்கு இறக்கும் ஷிஃப்டுக்கு வர முடியும் என்றால் அதை எழுதுங்கள். மாணவர்களில் அதைக் கேட்பவர் குறைவு.

துணிக்கடையில் பாதி வேலை மடிப்பது. வாடிக்கையாளர் கலைத்துப் போட்டதை சைஸ் வரிசையில் திரும்ப அடுக்குவது, ட்ரையல் ரூமுக்குள் எத்தனை உருப்படி போனது, எத்தனை வந்தது என்று எண்ணுவது, முகம் சுளிக்காமல் இருபதாவது நிறத்தை எடுத்துக் காட்டுவது. பொறுமைக்குச் சாட்சியான டியூஷன் வரி அங்கே மேலே வரட்டும். ஷூ கடையில் ஸ்டோர் ரூமுக்கும் கடைக்கும் ஓட்டம். பெட்டியின் குறியீட்டு எண்ணைப் பார்த்துச் சரியான ஜோடியை எடுத்துவர வேண்டும். ஒற்றைக் காலாக டிஸ்பிளேயில் நிற்கும் ஷூக்கள் ஜோடி மாறிவிட்டால் தேடுவது பெரும்பாடு. விளையாட்டு ஷூ விற்கும் கடை என்றால் வாலிபாலை மேலே கொண்டுபோகலாம். எந்தத் தரைக்கு எந்த அடிப்பகுதி என்று நீங்கள் பேச முடியுமே. மொபைல், எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு, தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி விளக்கியதற்கு ஏதாவது சான்று வேண்டும்.

திறமைப் பட்டியலில் 'குழுவாகச் செயல்படுவேன், கடின உழைப்பாளி, விரைவில் கற்பேன்' என்பவற்றை மொத்தமாக எடுத்துவிடலாம். மொழிகளை மட்டும் தாராளமாக எழுதுங்கள். கடையில் மொழி நேரடியாகக் காசு. எதைப் பேசுவீர்கள், எதைப் படிப்பீர்கள், எது புரியும் ஆனால் தடுமாறித்தான் பேச வரும் என்று பிரித்துச் சொல்லுங்கள். கணினி என்றால் 'எக்செலில் வரவு செலவு போடுவேன்' என்பது போலக் குறிப்பாக.

படிப்புக்கு இரண்டு வரி. மதிப்பெண் அட்டவணை வேண்டாம். கணக்கில் நல்ல மதிப்பெண் என்றால் அதை மட்டும் குறிப்பிடலாம்.

நீக்க வேண்டியவை

பெற்றோர் பெயர், மதம், திருமண நிலை, வீட்டு முழு முகவரி, அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு எதுவும் சிவியில் இருக்கக் கூடாது. முகவரிக்குப் பகுதியின் பெயர் போதும். அடையாள ஆவணங்களை வேலை உறுதியான பிறகு, ஆளை நேரில் பார்த்துக் கொடுங்கள். பார்ட் டைம் வேலை என்று விளம்பரம் போட்டு ஆவணங்களைச் சேகரிக்கிறவர்களும், பதிவுக் கட்டணம் கேட்கிறவர்களும் குறிவைப்பது உங்கள் வயதுக்காரர்களைத்தான். புகைப்படம் வைப்பது நாட்டுக்கு நாடு மாறும். கேட்டால் மட்டும் வையுங்கள். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

பரிந்துரைக்கு இரண்டு பேர் தயாராக இருக்க வேண்டும். ஸ்டாலுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர், வாலிபால் பயிற்சியாளர் இருவரும் பொருத்தம், உறவினர் கூடாது. முதலில் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். நம்பரை சிவியில் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுக்காமல் தனித் தாளில் வைத்திருங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

தாளும் கோப்பும்

ஒரே பக்கம். ஏ4 தாள், நாலு புறமும் 2 செ.மீ. ஓரம், எழுத்து 11 புள்ளி, தலைப்புகள் 13 அல்லது 14. வெள்ளையில் கறுப்பு. கடையில் பெரும்பாலும் சாதாரண பிரிண்டரில்தான் எடுப்பார்கள். நீலப் பட்டையும் சாம்பல் எழுத்தும் அதில் மங்கிப்போகும். திறமைக்கு நட்சத்திரம் போடுவது, 80 சதவீதம் என்று பட்டை வரைவது எல்லாம் இடத்தைத் தின்னும். எதில் 80 சதவீதம் என்று யாருக்கும் தெரியாது.

பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரிக்கும் அழகு மாதிரிகளைத் தவிருங்கள். பெரிய சங்கிலிக் கடைகள் இணையத்தில் விண்ணப்பம் வாங்கும்போது மென்பொருள் முதலில் எழுத்தை உருவி எடுக்கும். இரண்டு பத்தி, அட்டவணை, டெக்ஸ்ட் பாக்ஸ் இருந்தால் வரிகள் கலந்துவிடும். பக்கத் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) போட்ட போன் நம்பரைச் சில மென்பொருள்கள் படிக்காமலே விட்டுவிடும். சோதிப்பது எளிது: பி.டி.எஃப் கோப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். மேலிருந்து கீழாக அதே வரிசையில் வந்தால் சரி. தமிழில் எழுதிய சிவி குறியீடுகளாக மாறி வந்தால் பெரும்பாலும் பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள், எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றுங்கள். தாளைப் போனில் படம் எடுத்து அனுப்பவே அனுப்பாதீர்கள்.

கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் 'பார்ட் டைம் பில்லிங்' என்ற சொற்களும் இருக்கட்டும். 'ரெஸ்யூமே நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் அந்தக் கடைக்கு இன்னும் பத்துக் கோப்புகள் வந்திருக்கும். மின்னஞ்சல் முகவரியில் செல்லப் பெயர் இருந்தால் புதிதாக ஒன்று திறந்து, தினமும் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

கொடுக்கும் நேரம்

நேரில் கொடுப்பதென்றால் வார நாளில், கடை திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, கூட்டம் குறைவான முற்பகலில் போங்கள். சனிக்கிழமை மாலையில் பில்லிங் வரிசைக்கு நடுவே நீட்டிய தாள் கவுன்டர் டிராயருக்குள் போகும், மேனேஜரை எட்டாது. அவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்றால் பெயரையும் எப்போது இருப்பார் என்பதையும் குறித்துக்கொண்டு திரும்பி வாருங்கள். தாள் மடங்காமல் இருக்க ஃபைலில் வையுங்கள், இரண்டு பிரதி. வாட்ஸாப்பில் அனுப்பினால் வெறும் கோப்பை மட்டும் தள்ளாமல் மூன்று வரி சேருங்கள்: "வணக்கம். உங்கள் கடையில் பார்ட் டைம் பில்லிங் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். திங்கள், புதன், வெள்ளி மாலை 5 முதல் 10 வரையும் சனி, ஞாயிறு முழு நாளும் வர முடியும். சிவி இணைத்திருக்கிறேன்."

சீசனுக்கு ஆள் எடுப்பது சீசன் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். பயிற்சி கொடுக்க அவகாசம் வேண்டுமே. ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் கொடுப்பது நல்லது. கொடுத்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை எடுங்கள். வகுப்பில் இருந்தால் முடிந்ததும் திரும்ப அழையுங்கள். அன்று மாலைக்குள் கிடைக்காதவரை விட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துவிடுவார்கள்.

ஒரு வாரம் பதில் இல்லை என்றால் ஒரு முறை போய், 'ஆள் எடுத்துவிட்டீர்களா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'எந்த ஷிஃப்டுக்கு இப்போது ஆள் குறைகிறது?' என்று கேளுங்கள். 'ஞாயிறு காலை' என்று பதில் வந்து, உங்களால் அது முடியும் என்றால், நேர வரியில் ஞாயிறு காலையை முதலில் போட்டு அன்றே புதுப் பிரதி கொடுங்கள். புது சிவியோடு எட்டுப் பத்துக் கடை ஏறியும் போனே வரவில்லை என்றால் பெரும்பாலும் நேர வரியிலோ தொடர்பு எண்ணிலோதான் கோளாறு. இரண்டையும் வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். போன் வந்து, பேசிய பிறகு நின்றுபோகிறது என்றால் சிவியை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நிமிடப் பேச்சில் நேரமும் சம்பளமும் கேட்டபோது என்ன சொன்னீர்கள் என்று பாருங்கள்.